ஒரு துரையின் பெயர் சொல்லாக மாறிய கதை

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் மாதர் சங்கத்தினருக்கும் நடந்த ஞாயிறு வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் ரேடியோ செய்தி கேட்கிற எல்லோருக்கும் ஒரு சொல் நன்றாகத் தெரியும். பணிப்பகிஷ்கரிப்பு. ரயில்வே ஊழியர் பணிப்பகிஷ்கரிப்பு, வைத்தியர்கள் பணிப்பகிஷ்கரிப்பு, தபால் ஊழியர் பணிப்பகிஷ்கரிப்பு என்று மாதத்தில் நாலு தடவையாவது காதில் விழும். நாம் லயத்தில் அப்படிப் பேசுவதில்லை. வேலைநிறுத்தம் என்போம், ஸ்ட்ரைக் என்போம், மலைக்குப் போகவில்லை என்போம். ஆனால் நமது போராட்டம் பத்திரிகையில் வரும்போது அதற்கும் அதே பெயர்தான்: தோட்டத் தொழிலாளர் பணிப்பகிஷ்கரிப்பு.

பகிஷ்கரிப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் பொய்கொட் என்று சொல்வார்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றி. பொய்யும் இல்லை, கொட்டும் இல்லை. அது ஒரு மனிதரின் பெயர். நிலம் பார்த்த ஒரு துரையின் பெயர். ஊருக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர் நிலைக்கும், தர்மம் செய்தவர்களின் பெயர் நிலைக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தன்னோடு யாரும் பேசாமல் போனதாலேயே உலகம் முழுக்கப் பேசப்படுகிற பெயர் அந்த ஒன்றுதான் போலிருக்கிறது.

இடம் அயர்லாந்து. இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள தீவு. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் நம்மை மட்டும் ஆளவில்லை, பக்கத்து வீட்டுக்காரனான அயர்லாந்துக்காரனையும் ஆண்டார்கள். அந்த நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி சில ஆயிரம் பிரபுக்கள் கையில் இருந்தது. பயிர் செய்கிற குடியானவன் குத்தகைக்காரன். வீடும் அவனுக்குச் சொந்தம் இல்லை, நிலமும் சொந்தம் இல்லை. குத்தகைப் பணம் கட்டாவிட்டால் பொலிஸ் வந்து, சாமான் சட்டியைத் தெருவில் போட்டு, கதவை அடைத்துவிட்டுப் போகும். வேலை போனால் காம்பராவும் போகும் என்ற பயத்தோடு வாழ்ந்த நமது பாட்டன் பூட்டன் கதையை நினைத்துக்கொண்டால் போதும், மேலே விளக்கம் தேவையில்லை.

1845 தொடக்கம் 1849 வரை அங்கே உருளைக்கிழங்கு நோய் வந்து பெரும் பஞ்சம். பத்து லட்சம் பேரளவில் செத்தார்கள், அதற்கும் கூடுதலானோர் கப்பலேறினார்கள். பிறகு 1879 இல் மறுபடியும் விளைச்சல் இல்லை, விலையும் விழுந்தது. மேற்குக் கரையில் மேயோ என்ற மாவட்டம். ஆக ஏழை மாவட்டங்களில் ஒன்று. அங்கேதான் குத்தகைக்காரர் சங்கம் முதலில் கிளம்பியது. நில லீக் என்று அதற்குப் பெயர். அதைத் தொடக்கிவைத்த மைக்கேல் டேவிற் மேயோவில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவருடைய குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். இங்கிலாந்துக்குப் போய், பதினொரு வயதில் பஞ்சாலையில் வேலை செய்தபோது மிஷினில் அகப்பட்டு வலது கை போனது. மனு எழுதிக் கொடுக்க மட்டும் சங்கம் வைக்கிற ஆள் இல்லை அவர் என்பது இதிலேயே தெரியும். லீக்கின் தலைவராக இருந்தவர் பார்னெல். அவர் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர், நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. ஒடுக்கப்பட்டவனும் படித்த தலைவனும் சேர்ந்து நிற்பதும் சில நேரம் முறைத்துக்கொள்வதும் நமக்குப் புதிய கதை இல்லையே.

இனி துரைக்கு வருவோம். சார்ள்ஸ் கன்னிங்ஹாம் பொய்கொட், 1832 இல் இங்கிலாந்தின் நோர்போக்கில் பிறந்தவர். கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தார். ஊரில் எல்லோரும் கப்டன் என்று கூப்பிட்டார்கள். மேயோவில் மாஸ்க் ஏரிக் கரையில் ஏர்ன் பிரபுவுக்கு இருந்த நிலத்துக்கு இவர் ஏஜண்ட். பிரபு தூரத்தில் தன் கோட்டையில் இருப்பார். குத்தகை வசூலிப்பது, பாக்கிக்காரனை விரட்டுவது எல்லாம் ஏஜண்டின் வேலை. அதோடு தனக்கென்றும் அறுநூறு ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். கம்பெனி கொழும்பில், துரை பங்களாவில் என்கிற ஏற்பாடுதான்.

கொலைகாரர், கொடுங்கோலர் என்றெல்லாம் இவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. சின்னச் சின்னத் தண்டங்கள் போடுகிறவர். படலை திறந்து கிடந்தால் தண்டம். கோழி இவருடைய நிலத்துக்குள் வந்தால் தண்டம். ஐந்து நிமிடம் பிந்தினால் அரைப்பேர் போடுகிற துரைமாரைப் பார்த்த நமக்கு, மனுசரை அதிகமாகக் கசக்க வைப்பது பெரிய அடி இல்லை, இந்தக் கோழித் தண்டம்தான் என்று விளங்கும்.

1880 இல் குத்தகைக்காரர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிரபு பத்துக்கு மேல் முடியாது என்றார். பதினொரு குடும்பங்களை வெளியேற்ற பொய்கொட் நோட்டீஸ் எடுத்தார். செப்டெம்பர் 22 ஆம் திகதி நோட்டீஸ் கொடுக்கிறவர் பதினேழு பொலிஸ்காரரோடு வந்தார். மூன்று வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நாலாவது வீட்டில் ஒரு அம்மா வாங்க மாட்டேன் என்று நின்றார். அவ்வளவுதான், சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கல், சேறு, மாட்டுச் சாணம் என்று கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. நோட்டீஸ்காரரும் பொலிஸாரும் துரையின் வீட்டுக்குள் ஓடினார்கள். மாதர் சங்கத்துச் சகோதரிகள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சரித்திரப் புத்தகத்தில் பார்னெல் பெயர் இருக்கிறது, டேவிற் பெயர் இருக்கிறது, அந்தச் சாணம் எறிந்த பெண்களில் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே சிரியுங்கள்.

அதற்கு மூன்று நாள் முந்தி, செப்டெம்பர் 19 இல், எனிஸ் என்ற ஊரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். ஒருவனை வெளியேற்றிய நிலத்தை இன்னொருவன் போய்க் குத்தகைக்கு எடுத்தால் அவனை என்ன செய்யவேண்டும் என்று கூட்டத்தைக் கேட்டார். சுட்டுத்தள்ளு என்று குரல் வந்தது. பார்னெல் அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார். அவனைத் தெருவில் கண்டால் விலகுங்கள், கடையில் கண்டால் விலகுங்கள், சந்தையிலும் கோயிலிலும் விலகுங்கள், தனியே விடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன வழி. இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்கவேண்டும். அவர் அன்றைக்குக் குறிவைத்தது பிரபுவையும் அல்ல, ஏஜண்டையும் அல்ல. தன் சக குத்தகைக்காரனின் இடத்தைப் பிடிக்கிறவனை. நமது மேடைகளில் கருங்காலி என்று ஒரு சொல் சொல்வோமே, அந்த ஆளை. இதைப் பிறகு பேசுவோம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேயோ மக்கள் அந்த யோசனையை எடுத்துத் துரைக்கே திருப்பினார்கள். ஊர் மக்கள் பொய்கொட் வீட்டுக்குப் போய் வேலைக்காரரையெல்லாம் வெளியே வரச் சொன்னார்கள். வயல் வேலைக்காரர் போனார்கள். குதிரைக்கு லாடம் அடிக்கிற கொல்லர் வரவில்லை. உடுப்புத் துவைக்கிற பெண் வரவில்லை. தபால்காரர் வரவில்லை, துரையின் மருமகப் பையன் தபால் எடுக்கப் போனான், அவனையும் வழியில் மறித்துப் பயமுறுத்தினார்கள். பக்கத்துப் பட்டணமான பாலின்றோப்பில் கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. எல்லோரும் மனமுவந்து செய்தார்கள் என்று நாம் மேடைக்காகச் சொல்லக்கூடாது. சேர்ந்து நின்றவர்களும் உண்டு, ஊருக்குப் பயந்து நின்றவர்களும் உண்டு. வேலை செய்தால் கொன்றுவிடுவோம் என்று கொல்லரை மிரட்டியதாகப் பொய்கொட் ஒக்டோபரில் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் முறையிட்டார்.

அந்தக் கடிதத்தால்தான் கதை உலகத்துக்குத் தெரிந்தது. ஒரு வெள்ளைக்காரக் கனவான் தனியாகத் தவிக்கிறார் என்று லண்டனிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் டப்ளினிலும் பணம் சேர்ந்தது. துரையின் நிலத்தில் கிழங்கும் தானியமும் அறுவடைக்கு நிற்கின்றன. கொழுந்து முற்றினால் என்னாகும் என்று நமக்குத் தெரியும். அங்கே கிழங்கு அழுகும். வடக்கே கவன், மொனகன் மாவட்டங்களிலிருந்து ஐம்பது பேரைத் திரட்டி அனுப்பினார்கள். அவர்கள் புரட்டஸ்தாந்து ஒரேஞ்ச் சங்கத்துக்காரர். மேயோ மக்கள் கத்தோலிக்கர்கள். வேலையை உடைக்க ஆள் தேடும்போது வேறு மதத்திலோ வேறு இனத்திலோ தேடுவது எங்கும் உள்ள பழைய தந்திரம். நவம்பர் 12 இல் அவர்கள் துரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ரயிலடியிலிருந்து கூட்டிவர வண்டி கொடுக்க ஊரில் ஆள் இல்லை. மழையில் நடந்து வந்தார்கள். அந்த ஐம்பது பேரைக் காக்க ஆயிரம் பேரளவில் பட்டாளமும் பொலிஸும்.

இரண்டு கிழமை கிழங்கு தோண்டினார்கள். விளைச்சலின் பெறுமதி ஐந்நூறு பவுண் அளவில். அதை அறுவடை செய்ய ஆன செலவு பத்தாயிரம் பவுண் என்று மதிப்பிட்டார்கள். ஒரு பவுண் கிழங்குக்கு இருபது பவுண் செலவு! ஒரு டர்னிப் கிழங்குக்கு ஒரு ஷில்லிங் செலவழிந்ததென்று பார்னெல் கேலி செய்தார். நட்டம் பார்த்துக் கம்பெனி நடத்துகிறோம் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்: ஒரு மனிதனின் கோரிக்கையை ஏற்காமல் இருப்பதற்காக எவ்வளவு செலவழிக்கவும் அதிகாரத்துக்கு மனம் வரும்.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பலம். பக்கத்துக் கோயிலின் பாதிரியார் ஜோன் ஓமாலி, பட்டாளத்தோடு யாரும் மோதக்கூடாது, வீட்டிலேயே இருங்கள் என்று கட்டாயமாகச் சொல்லியிருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. நவம்பர் கடைசியில் பட்டாளம் திரும்பிப் போகும்போது தெருவில் ஒரு குருவி இல்லை, ஒரே ஒரு கிழவி மட்டும் மதிலில் சாய்ந்துகொண்டு நின்றாராம். பாதிரியார் அந்தக் கிழவியைப் பார்த்து, மகாராணியாரின் பட்டாளத்தை இப்படி வந்து மிரட்டலாமா, வீட்டுக்குப் போ என்று அதட்டினாராம்.

பொய்கொட் குடும்பமும் அதே நாளில் கிளம்பியது. வண்டியோட்ட ஆள் கிடைக்காமல் பட்டாளத்து அம்புலன்ஸ் வண்டியில் போனார்கள். 1881 இல் வந்த நிலச் சட்டம் நியாயமான குத்தகையைத் தீர்மானிக்க நீதிமன்றம் அமைத்தது. ஒரு துரையைத் தனிமைப்படுத்தியதால் மட்டும் அந்தச் சட்டம் வந்ததென்று சொன்னால் அது மிகை. ஆனால் அயர்லாந்து முழுக்க நடந்த போராட்டத்துக்கு மேயோ ஒரு பாடம் காட்டியது.

சொல் பிறந்தது எப்படி? இதே ஓமாலி பாதிரியார்தான் அதற்கும் காரணம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் அவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்படி ஒருவரை ஊரே ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் ஒஸ்ரசிசம் என்று ஒரு சொல் இருக்கிறது. அது கிரேக்கர் ஓட்டாஞ்சில்லில் பெயர் எழுதி ஒருவரை நாட்டை விட்டு அனுப்பிய வழக்கத்திலிருந்து வந்தது. அது நமது குடியானவர் வாயில் நுழையாதே என்று ரெட்பாத் சொன்னார். பாதிரியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவரைப் பொய்கொட் செய்வது என்று வைத்தால் என்ன என்று கேட்டாராம். பண்டிதர் சபையில் பிறக்காமல், பாமரன் வாய்க்கு எது லேசு என்று பார்த்துப் பிறந்த சொல் அது. பாட வகுப்பில் கலைச்சொல் ஆக்குகிறவர்கள் ஒரு தடவையாவது அந்தச் சாப்பாட்டு மேசையை நினைக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

சில கிழமைக்குள் லண்டன் பத்திரிகைகள் அந்தச் சொல்லை எழுதின. முதலில் ஆள் பெயர் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கினார்கள். போகப்போகச் சின்ன எழுத்தாகிவிட்டது. பெயர் சொல்லாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பான் மொழிக்காரர்கள் எல்லோரும் அந்தப் பெயரையே தங்கள் வாய்க்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள்.

பயணம் போகப்போகப் பொருளும் மாறியது. முதலில் ஒரு ஆளோடு பேசாதே, அவனுக்கு வேலை செய்யாதே என்பதுதான் பொருள். பிறகு ஒரு சாமானை வாங்காதே என்றாகியது. 1905 இல் வங்காளத்தைப் பிரித்தபோது கல்கத்தாவில் ஓகஸ்ட் 7 இல் கூடிய கூட்டத்தில் இங்கிலாந்துத் துணியை வாங்குவதில்லை என்று தீர்மானம் எடுத்தார்கள். பிறகு, ஒரு காரியத்தில் கலந்துகொள்ளாதே என்றாகியது. நமது நாட்டிலேயே 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு பூரண சுயாட்சி தரவில்லை என்று அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது; வடக்கில் நாலு தொகுதிக்கு ஆளே போட்டியிடவில்லை. அமெரிக்காவின் மொண்ட்கொமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் விட்டார்கள். வேலைக்கு நடந்தே போனார்கள். 381 நாள். ஒரு நாள் பஸ் வராவிட்டால் நாம் படுகிற பாட்டை வைத்து அந்த 381 நாளை அளந்து பாருங்கள்.

செயல் சொல்லுக்கு முந்தியது என்பதையும் சொல்லவேண்டும். 1791 அளவிலேயே இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அடிமைகள் விளைவித்த சீனியைத் தேநீரில் போடமாட்டோம் என்று நிறுத்தியிருந்தன. அப்போது அதற்குப் பெயர் மட்டும் இல்லை.

இந்தக் கதைகளில் நமக்கு மிகக் கிட்டியது கலிபோர்னியாவின் டெலானோ. அங்கே உள்ளதும் தோட்டம்தான்; திராட்சைத் தோட்டம். 1965 செப்டெம்பர் 8 இல் பிலிப்பைன் நாட்டுத் தொழிலாளர் லாரி இற்லியோங் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் நாற்பது சதம். எட்டு நாள் கழித்து மெக்சிக்கோ வழித் தொழிலாளரின் சங்கமும் சேர்ந்தது, அதன் தலைவர் சீசர் சாவெஸ். அதுவரை முதலாளிகள் ஒரு இனத்தார் வேலை நிறுத்தினால் மற்ற இனத்தாரை இறக்கிச் சமாளித்தவர்கள். அந்தத் தந்திரம் உடைந்தது. ஆனாலும் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து பழம் பறித்தார்கள். தோட்டத்து வாசலில் நின்று அதை நிறுத்த முடியவில்லை. எனவே பழம் போகிற வழியே தொழிலாளரும் போனார்கள். துறைமுகத்தில் நின்றார்கள், கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று ஓக்லண்ட் துறைமுகத் தொழிலாளர் சொன்னார்கள். பெரிய நகரங்களுக்குக் குடும்பத்தோடு போய்க் கடை வாசலில் நின்று, இந்தத் திராட்சையை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து வருசம் எடுத்தது. 1970 ஜூலை 29 இல் டெலானோவின் பெரிய தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட தோட்டத்துப் பழப்பெட்டியில் சங்கத்தின் கறுப்புக் கழுகு முத்திரை இருக்கும். எதை வாங்கக்கூடாது, எதை வாங்கலாம் என்று கடைக்கு வருகிற சனத்துக்கு உடனே தெரியும்.

அந்த முத்திரை முக்கியம். வெளிநாட்டில் நல்ல மனதுள்ளவர்கள் சில நேரம், உங்கள் சம்பளம் இப்படி இருக்கிறதே, உங்கள் தேயிலையை நாங்கள் பகிஷ்கரிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். நாம் சொல்லவேண்டிய பதில்: நாங்கள் கேட்டால் செய்யுங்கள், கேட்காமல் செய்யாதீர்கள். டெலானோவில் கேட்டது தொழிலாளர். என்ன வேண்டும் என்பது தெளிவு, எப்போது முடியும் என்பதும் தெளிவு. அந்த இரண்டும் இல்லாமல் தேயிலை விற்காமல் கிடந்தால், முதலில் வெட்டப்படுவது கம்பெனியின் இலாபம் அல்ல, நமது வேலை நாள்.

இனி, மனதில் வைக்கச் சொன்ன விசயத்துக்கு வருவோம்.

பகிஷ்காரம் வடமொழிச் சொல். பகிஸ் என்றால் வெளியே. பகிஷ்காரம் என்றால் வெளியே ஆக்குவது. பொய்கொட் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இந்தச் செயல் நமது பக்கத்தில் நடந்தது. ஊர்விலக்கு, சாதிவிலக்கு, ஒதுக்கிவைப்பு என்று பெயர் வேறு. தண்ணீர் எடுக்கவிடாதே, நெருப்புக் கொடுக்காதே, சாவுக்குப் போகாதே. அதைச் செய்தவர்கள் நிலமில்லாதவர்கள் அல்ல, நிலமுள்ளவர்கள். அம்பேத்கர் 1924 இல் அமைத்த சபைக்கு பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை என்றும், 1927 இல் தொடங்கிய பத்திரிகைக்கு பகிஷ்கிருத பாரத் என்றும் பெயர் வைத்தார். பகிஷ்கிருதர் என்றால் வெளியே தள்ளப்பட்டவர். ஒரே வேர். மேயோவில் அந்தச் செயல் ஏழையின் ஆயுதம். மகாராஷ்டிராவில் அது ஏழையின் தலையில் இறங்கிய ஆயுதம். அதைத் தடைசெய்ய அந்த மாநிலச் சட்டசபை 2016 இல்தான் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்கள் 1933 ஏப்ரல் 1 இல் யூதர்களின் கடை வாசலில் நின்றுகொண்டு நடத்தியதற்கும் பொய்கொட் என்றுதான் பெயர். நமது நாட்டில் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம் சகோதரர்களின் கடைகளுக்குப் போகாதே என்று சொன்னார்கள். அதுவும் பகிஷ்கரிப்பு என்ற பெயரில்தான் நடந்தது.

எனவே சொல்லைக் கேட்டதும் கை தட்டிவிடக்கூடாது. யார் யாரை விலக்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும். விலக்கப்படுகிறவருக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு இருக்கிறதா, திரும்பி வர ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஏர்ன் பிரபு நூற்றுக்கு இருபத்தைந்து குறைத்திருந்தால் பொய்கொட்டுக்கு மறுநாளே கொல்லரும் வந்திருப்பார், தபாலும் வந்திருக்கும். ஊர்விலக்கில் தள்ளப்பட்டவன் எதை விட்டுக்கொடுத்தால் உள்ளே வருவான்? தன் பிறப்பையா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருக்கிற நாங்கள் ஒன்றைப் பார்த்திருக்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒரு தடவை சம்பளப் போராட்டத்தில் தோட்டமே வேலைக்குப் போகாமல் நின்றது. ஒரு வீட்டுக்காரர் மட்டும் போனார். அவருடைய மனைவிக்கு ஒப்பரேசன், நகை அடகில், கடைப் பாக்கி. காரணம் நியாயமா இல்லையா என்று இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. பெரட்டுக்களத்தில் அவர் தனியாக நின்றதை மற்றவர்கள் பார்த்துக் கொதித்ததும் நியாயம்தான். இரண்டாம் நாள் லயத்தில் அவரோடு பேச்சு நின்றது. மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயில் அவருடைய மனைவி குடத்தோடு வந்தபோது எல்லோரும் விலகிப் போனார்கள். நாலாம் நாள் தரம் 4 இல் அவருடைய மகள் பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளை இல்லை. ஏன் என்று கேட்டோம். "அவ கருங்காலி வீட்டுப் பிள்ளை, டீச்சர்" என்று பதில் வந்தது. சொன்ன பிள்ளைக்கு ஒன்பது வயது. கருங்காலி என்றால் மரமா, ஆளா என்றுகூட அதற்குத் தெரியாது.

மாதர் சங்கத் தலைவி அக்காவிடம் சொன்னோம். அவர் போராட்டத்தில் ஒரு அடி பின்வாங்குகிற ஆள் இல்லை. அன்று பின்னேரமே தன் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அந்த மனிதரிடம், "நீங்க செஞ்சது பிழை தம்பி, நாளைக்கும் நான் இதத்தான் சொல்லுவேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு அவருடைய மகளையும் தன் பேத்தியையும் சேர்த்து மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அந்த மனிதர் அதனால் திருந்திப் போராட்டத்தில் சேர்ந்தார் என்று சொல்ல ஆசைதான். சேரவில்லை. போராட்டம் முடிந்தும் லயத்தில் பல மாதம் அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் இல்லை. அந்த வீட்டுக் கிழவர் செத்தபோதுதான் எல்லோரும் போனார்கள். ஆனால் பிள்ளைக்குப் பக்கத்தில் ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளை இருந்தது.

இந்த வகுப்பிலிருந்து தோட்டக் கமிட்டிகளின் யோசனைக்கு வைக்க விரும்புவது இதுதான். அடுத்த போராட்டத்துக்கு முன், வேலைக்குப் போகிறவரை என்ன செய்வது என்று கமிட்டி முன்கூட்டியே பேசி முடிவெடுக்கவேண்டும். கோபம் வந்தபிறகு முடிவெடுக்கக்கூடாது. சங்கக் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை என்று முடிவெடுக்கலாம். அவரோடு மலையில் பேசுவதில்லை என்றும் எடுக்கலாம். எத்தனை நாளைக்கு, என்ன செய்தால் அது முடியும் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதவேண்டும். தண்ணீர், மருந்து, சாவு, பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா, இந்த ஐந்திலும் கை வைக்கக்கூடாது. அதோடு, போராட்டக் காலத்தில் உண்மையிலேயே முடியாமல் இருக்கிற வீடுகளுக்கு அரிசி பருப்பாவது கொடுக்க சந்தாப் பணத்தில் ஒரு பங்கு ஒதுக்க முடியுமா என்றும் பார்க்கவேண்டும். அந்த வீட்டுக்காரர் பெரட்டுக்களத்துக்குப் போனதற்கு முதல் நாள் அவருடைய அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

வகுப்பு முடிகிற நேரம் ஒரு தம்பி கேட்டார்: அந்தப் பொய்கொட் துரை கடைசியில் என்ன ஆனார்? அவர் 1881 இல் அமெரிக்காவுக்குப் போனார். கப்பலில் பொய்கொட் என்ற பெயரைக் கொடுக்காமல் சார்ள்ஸ் கன்னிங்ஹாம் என்று மட்டும் கொடுத்தார். அப்படியும் நியூயோர்க் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு மேயோவுக்கே திரும்பி வந்தார். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அவரோடு பேசியது. 1886 இல் இங்கிலாந்தின் சஃபோக்கில் வேறொரு நிலத்துக்கு ஏஜண்டாகப் போய், 1897 இல் இறந்தார். மேயோவை விட்டுப் போனபின்பும் விடுமுறைக்கு அயர்லாந்துக்கு வந்து போவாராம்.